இடிக்கப் போகும் தொட்டிக்கட்டு வீட்டைக் கணினிக்குள் கட்ட எந்த மென்பொருள்?

பேட்டர்ன் மாஸ்டர், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேட்டர்ன் போடுகிறேன். பையர், அதாவது ஆர்டர் தருகிறவர், அனுப்பும் அளவுத்தாளைப் பார்த்துக் கழுத்து, கை, உடம்பு என்று துண்டு துண்டாகக் கணினியில் வரைந்து கொடுப்பது என் வேலை. அரை சென்டிமீட்டர் தவறினால் முழு லாட்டும் திரும்பி வந்துவிடும். அதனால் அளவு என்றால் எனக்குப் பயமில்லை. முப்பரிமாணம் என்றால்தான் கை நடுங்குகிறது.

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் அப்பாரு (தாத்தா) மையத்தில் வானம் பார்த்த முற்றம் (தொட்டி) வைத்துக் கட்டிய தொட்டிக்கட்டு வீடு ஒன்று இருக்கிறது. போன ஆவணியில் பாகம் பிரித்தபோது அது சித்தப்பா மகன் பங்குக்குப் போனது. அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. மழைக்கு மழை ஓடு மாற்றி அவனுக்குக் கட்டுப்படியாகவில்லை, ஓடு வேய ஆளும் கிடைப்பதில்லை. தை பிறந்ததும் இடித்துவிட்டுக் காங்கிரீட் வீடு எழுப்பப் போகிறான். பழைய மரம் வாங்குகிறவர் வந்து ஆறு தூண்களுக்கும் தலைவாசல் கதவுக்கும் முன்பணமே கொடுத்துவிட்டார்.

அதற்குள் அந்த வீட்டைக் கணினிக்குள் கட்டி வைத்துவிட வேண்டும். வீடியோ எடுத்துவிட்டேன், போதவில்லை. நான் நடந்த வழியில்தான் எல்லோரும் நடக்க வேண்டியிருக்கிறது. பார்ப்பவர் தானாகத் திண்ணையில் ஏறி, குனிந்து நிலைப்படி தாண்டி, ஆசாரம் என்னும் கூடத்தைக் கடந்து, தொட்டியில் இறங்கி, மாடு கட்டும் கட்டுத்தரை வழியாகக் கிணற்றுமேடு வரை போக வேண்டும். முடிந்தால் அதற்கப்பால் கிளுவை வேலியும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் தெரிய வேண்டும்.

யாருக்காக என்று கேட்பீர்கள். என் அத்தைக்கு 78 வயது. கோவையில் மகன் வீட்டில், மூன்றாம் மாடியில் இருக்கிறார். முழங்கால் போய்விட்டது, இனி ஊருக்கு வரமாட்டார். கையில் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசி. அண்ணன் பிள்ளைகள் வெளிநாட்டில். என் மகன் படிக்கும் கல்லூரியில் வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடி ஒன்று இருக்கிறது, கேட்டால் ஒரு நாள் கொடுப்பார்களாம்.

என்னிடம் இருப்பது 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி. தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது. ஒரு 40 பக்க நோட்டு முழுக்க எல்லா அறைகளின் நீளம், அகலம், உயரம். முந்நூறு புகைப்படங்கள். இவற்றோடு ஞாயிற்றுக்கிழமைகள். செலவு கூடியவரை இல்லாமல்.

விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஸ்கெட்ச்அப், பிளெண்டர், த்ரீடிஎஸ் மேக்ஸ், மாயா. மகனோ, "மாடலிங் எதற்கு அப்பா? நேராக அன்ரியலில் கட்டிவிடலாம்" என்கிறான். ஜவுளிக்கடையில் பாய் மேல் விரித்துப் போட்ட சேலைகள் மாதிரி எல்லாமே நன்றாகத்தான் தெரிகிறது. எதை எடுப்பது?

ஓடுகளைப் பற்றியும் சொல்லுங்கள். நீளவாக்கில் எத்தனை, குறுக்கே எத்தனை என்று எண்ணிப் பெருக்கினேன். எல்லாச் சரிவுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 11,000 நாட்டு ஓடுகள். ஒவ்வொன்றையும் செய்ய வேண்டுமா?

ஈரோடு வரைபடம்

ஸ்கெட்ச்அப். வேறு யோசனையே வேண்டாம்.

ஈரோட்டில் வீட்டு பிளான் போட்டுப் பிழைப்பவன் நான். தரையில் கோடு போட்டு மேலே இழுத்தால் சுவர். சுவரில் கட்டம் போட்டு உள்ளே தள்ளினால் சன்னல். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் வீடு எழுந்து நிற்கும். 2006இல் கூகுள் இதை வாங்கி இலவசமாகக் கொடுத்த காலத்தில் கற்றுக்கொண்டேன். 2012இல் டிரிம்பிளுக்குக் கைமாறியது. கணினியில் நிறுவுகிற இலவசப் பதிப்பு 2017ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது உலாவிக்குள் ஓடுவது மட்டும். உங்களுக்கு அதுவே போதும்.

பிளெண்டரை நானும் ஒருமுறை திறந்து பார்த்தேன். விமானி அறை போல இருந்தது. மூடிவிட்டேன்.

கணபதி லேத்

மாஸ்டர், எதை எடுக்கக் கூடாது என்று சொல்ல மட்டும் எனக்குத் தகுதி இருக்கிறது.

கோவை கணபதியில் பம்பு செட் வடிவமைக்கிறோம். ஒரு கண்காட்சிக்காக எங்கள் பம்பு அறையையே மெய்நிகராகக் காட்டலாம் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. பாகங்கள் எல்லாம் ஏற்கெனவே பொறியியல் வரைபட மென்பொருளில் அச்சு அசலாக இருக்கின்றன, அப்படியே மாற்றிவிட்டால் ஆயிற்று என்று மார்தட்டியவன் நான்தான்.

அந்த வகை மென்பொருளில் வளைவு என்பது ஒரு சூத்திரம். கைபேசிக்கும் வி.ஆர். கண்ணாடிக்கும் சூத்திரம் புரியாது, முக்கோணங்கள்தான் புரியும். மாற்றும்போது ஒவ்வொரு வளைவையும் அது பொடிப்பொடியாக நறுக்குகிறது. எங்கள் ஒரே ஒரு மோனோபிளாக் பம்பு 40 லட்சம் முக்கோணங்களாக வந்து இறங்கியது. பெரும்பகுதி எங்கே என்று பார்த்தால் போல்ட்டுகளின் மரையில்! நட்டு மாட்டி மூடிக்கிடக்கும் மரையில்! யாருக்கும் தெரியாத இடத்தில் லட்சக்கணக்கான முக்கோணங்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து போல்ட் போல்ட்டாக அழித்தேன். கண்காட்சியில் கடைசியில் வீடியோவைத்தான் ஓடவிட்டோம்.

எந்திரம் செய்யும் மென்பொருள் எந்திரம் செய்வதற்கு. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சூலூர்க்காரி

மாஸ்டர், மென்பொருளைத் தேடும் முன்னாலேயே உங்கள் பையர் யார் என்று எழுதிவிட்டீர்கள். அத்தையின் கைபேசிதான் பையர். அதன் அளவுத்தாளை முதலில் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். குடியிருப்பு மாதிரிகளும் ஆலைப் பாதுகாப்புப் பயிற்சிக்கான சூழல்களும் செய்து எட்டு ஆண்டுகளாகச் சாப்பிடுகிறேன். அந்தத் தைரியத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகன் சொல்லும் அன்ரியலும், அதன் பங்காளி யூனிட்டியும் கணினி விளையாட்டு செய்யும் மென்பொருள்கள். அவை துணி வெட்டும் மேசைகள் அல்ல. தைத்து முடித்த சட்டையை மாட்டி வைத்து விளக்குப் போட்டுக் காட்டும் கடைகள். அங்கேயும் சுவர் எழுப்பலாம்தான். ஆனால் அன்ரியலைத் திறந்ததுமே உங்கள் மடிக்கணினிக்கு மூச்சு வாங்கும். அத்தைக்கு ஒரு வாட்ஸ்அப் இணைப்பு போதும் என்கிறபோது கடையே வேண்டாம். கைபேசியின் உலாவிக்குள்ளேயே நடந்து பார்க்கும்படி செய்ய ஏ-ஃபிரேம் என்ற திறந்தமூலக் கருவி இருக்கிறது. 2015இல் மொசில்லா நிறுவனத்தில் தொடங்கியது. உங்கள் மகன் ஒரு மாலையில் கற்றுக்கொள்வான். அவனுக்கு அந்த வேலையைக் கொடுங்கள், அன்ரியலை மறந்துவிடுவான்.

அந்த உலாவி என்ன கோப்பு கேட்கும்? ஜிஎல்டிஎஃப். பல நிறுவனங்கள் சேர்ந்த குரோனோஸ் குழுமம் வெளியிடும் பொதுத் தரம், 2017இல் இரண்டாம் பதிப்பு வந்தது. எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை. எஃப்பிஎக்ஸ் என்று இன்னொன்றைச் சொல்வார்கள். அது ஆட்டோடெஸ்க் நிறுவனத்தினுடையது, மூடிய வடிவம். ஆக உங்கள் கேள்வி சின்னதாகிவிட்டது. செலவில்லாமல், 8 ஜிபியில் ஓடி, ஜிஎல்டிஎஃப்பை ஒழுங்காக வெளியே தருவது எது? பிளெண்டர். அது தனக்குக் குறைந்தபட்சமாகக் கேட்பதே 8 ஜிபிதான். இழுத்துப் பிடித்து ஓடும்.

நான் அதன் பக்கம் சாய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெதர்லாந்தில் ஒரு அனிமேஷன் நிறுவனம் தன் சொந்த உபயோகத்துக்காக 1994இல் தொடங்கிய மென்பொருள் அது. பிற்பாடு அதை விற்க ஆரம்பித்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதை எழுதிய டான் ரூசன்டால் முதலீட்டாளர்களிடமிருந்து மீட்க 1,00,000 யூரோ தேவைப்பட்டது. 2002இல் பயனர்களே ஏழு வாரத்தில் திரட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பொதுச்சொத்து மாதிரி இருக்கிறது. சாஃப்ட்இமேஜ் என்று ஒன்று இருந்தது, பெரிய படங்களுக்கெல்லாம் உழைத்த மென்பொருள். இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று ஆட்டோடெஸ்க் 2014இல் அறிவித்துவிட்டது. கூடிப் பேசும் மெய்நிகர் அறைகளைத் தந்த ஹப்ஸ் சேவையை மொசில்லா 2024 மே 31உடன் நிறுத்தியது. கோப்பைத் தன்னிடமும் வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் ஏற்றிக்கொண்டார்கள். வீடு போகப் போகிறது என்றுதானே இதைச் செய்கிறீர்கள்? கோப்பும் போய்விடக் கூடாது.

த்ரீடிஎஸ் மேக்ஸ் நல்ல மென்பொருள்தான், நான் தொழில் கற்றதே அதில். ஆனால் சந்தா. மாணவர் என்று காட்டி உங்கள் மகன் ஓராண்டுக்கு இலவசமாக எடுக்கலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். படிப்பு முடிந்ததும் வீட்டுச் சாவி கைவிட்டுப் போகும்.

ஈரோட்டு அண்ணா சொன்னது பொய்யில்லை. சுவர் எழுப்ப ஸ்கெட்ச்அப்பை விட வேகமானது நான் பார்த்ததில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு பரப்புக்கும் முன்பக்கம், பின்பக்கம் உண்டு. புதியவர்கள் கவனிக்காமல் பாதிச் சுவர்களைத் திருப்பி வைத்துவிடுவார்கள், ஓவர்லாக் தையல் வெளியே தெரிய பனியனை மாற்றித் தைத்த மாதிரி. ஸ்கெட்ச்அப்பில் இரண்டு பக்கமும் தெரிவதால் தவறு கண்ணில் படாது. கைபேசியில் வேலைப்பளுவைக் குறைக்கப் பின்பக்கத்தை வரையாமலே விடுவது வழக்கம். ஆசாரத்துக்குள் நுழைந்தால் சுவரே இருக்காது, நேராகக் கொறங்காடு தெரியும். பிளெண்டரில் "முகத்திசை" காட்டும் வசதி உண்டு. திரும்பியது சிவப்பாகத் தெரியும். தினமும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

இனி ஓடு. வேண்டாம், 11,000த்தையும் செய்யாதீர்கள். வளைவும் தடிமனும் காட்டி ஒரு ஓடு செய்தால் சிக்கனமாகப் பார்த்தாலும் 60 முக்கோணம். பெருக்கினால் 6,60,000. கூரை மட்டும்! அத்தையின் கைபேசிக்கு வீடு, கிணறு, வேலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள் நிற்கட்டும் என்பது என் கைக்கணக்கு. ஓட்டைக் கண் எங்கே பார்க்கிறது என்று யோசியுங்கள். தொட்டியில் நின்று அண்ணாந்தால் தெரிவது இறவாரத்தின் விளிம்பு வரிசை. அந்த ஒரு வரிசையை மட்டும் உண்மையான ஓடுகளாகச் செய்யுங்கள். வானத்துக்கு எதிரே அந்த நெளிவு தெரிய வேண்டும். மேலே சரிவு முழுவதும் ஒரு தட்டைப் பரப்பு, அதன் மேல் ஓட்டின் படம். வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் ஓடு தெரிவதே குறைவு, பனங்கையும் மூங்கில் வரிச்சும்தான் தெரியும். பனங்கையை ஆறு பக்கக் கம்பாகச் செய்தால் போதும், இருட்டில் யாரும் எண்ணப் போவதில்லை.

படங்களின் அளவிலும் ஏமாறாதீர்கள். 2048க்கு 2048 புள்ளி உள்ள ஒரு படம் கோப்பாக ஒரு எம்.பி.தான் இருக்கும். சாதாரணமாக ஏற்றினால் கைபேசி அதை விரித்து வைக்க 16 எம்.பி. எடுக்கும். இருபது படம் போட்டால் 320 எம்.பி. உலாவி ஓசைப்படாமல் மூடிக்கொள்ளும். ஒரே மாதிரி சுண்ணாம்புச் சுவர் எல்லாவற்றுக்கும் ஒரே படத்தைப் பயன்படுத்துங்கள்.

அலகை மீட்டரில் வையுங்கள். பிளெண்டருக்கும் ஜிஎல்டிஎஃப்புக்கும் மீட்டர், யூனிட்டிக்கும் ஒன்று என்றால் ஒரு மீட்டர், அன்ரியலுக்கு மட்டும் சென்டிமீட்டர். நாளைக்கு மகன் மனம் மாறி அங்கே கொண்டுபோய் வீடு எறும்புப் புற்றளவு நின்றால் காரணம் இதுதான்.

வெளிச்சத்தை உடனடியாகக் கணக்கிட்டுக் காட்டும் தெம்பு அந்தக் கைபேசிக்குக் கிடையாது. பிளெண்டரில் ஒரு நேரத்தைத் தேர்ந்து, வெயிலையும் நிழலையும் கணக்கிட்டு அதைச் சுவரின் படத்திலேயே பதித்துவிட வேண்டும். சுட்டெடுப்பது என்போம். உங்கள் கணினியில் ஒரு ராத்திரி பிடிக்கும். ஆனால் ஒரு நேரம்தான். எந்த நேரத்து வீடு உங்களுக்கு வேண்டும்? அதை மென்பொருள் சொல்லாது.

கற்றுக்கொள்ள யூடியூப் போதும், 2019க்கு முந்தைய பாடங்களைத் தொடாதீர்கள். அந்த ஆண்டு வந்த 2.80 பதிப்பில் முகப்பையே மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் எதையும் தேர்ந்தெடுக்க வலது பொத்தானை அழுத்த வேண்டும். ஈரோட்டு அண்ணா திறந்து பார்த்து மூடியது அந்தப் பழைய பதிப்பாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. நோட்டில் நீளம், அகலம், உயரம் என்கிறீர்கள். மூலைவிட்டம் அளந்தீர்களா?

பேட்டர்ன் மாஸ்டர், திருப்பூர்

சூலூர் அம்மணி, கேட்டீர்களே ஒரு கேள்வி. அளக்கவில்லை.

இருபத்திரண்டு ஆண்டு பேட்டர்ன் போட்டவன், ஒரு துண்டு கோணலாக இருக்கிறதா என்று பார்க்கக் குறுக்கே டேப் வைப்பதை முதல் நாளே கற்றவன், சொந்த வீட்டைச் சதுரம் என்று நம்பிவிட்டேன். நேற்று பஸ் பிடித்துப் போனேன். சித்தப்பா மகனே டேப்பின் மறுமுனையைப் பிடித்தான். தொட்டி 5.20 மீட்டருக்கு 4.30. ஒரு மூலைவிட்டம் 6.84, இன்னொன்று 6.65. பத்தொன்பது சென்டிமீட்டர் வித்தியாசம்! ஒரு பனியன் இப்படி வந்தால் என் வேலை போய்விடும். அப்பாரு இதிலேதான் அறுபது ஆண்டு பொங்கல் வைத்தார்.

சதுரமாக வரைந்திருந்தால் ஒரு பக்கத்து இறவாரம் சேர்ந்திருக்கவே சேர்ந்திருக்காது. இப்போது எல்லா அறைக்கும் குறுக்களவு எடுத்துவிட்டேன். சமையல் கட்டு மட்டும் நேராக இருக்கிறது. அது பிற்பாடு கட்டியது.

பிளெண்டர் இறக்கிவிட்டேன். விமானி அறைதான். ஆனால் ஓரமாக ஒரு சின்ன இருக்கையில் உட்கார இடம் கிடைத்திருக்கிறது.

நொய்யல் கரை

மாஸ்டர், மாடலிங் எல்லாம் பொங்கலுக்குப் பிறகும் செய்யலாம். இடிப்பதற்கு முன்னால் இன்னும் ஒரு நாள் கேமராவோடு போய் வாருங்கள். முந்நூறு படம் என்றீர்கள். அவை கல்யாண ஆல்பம் மாதிரி எடுத்த படங்களாக இருந்தால் இந்த வேலைக்கு உதவாது.

பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து கணினியே வடிவத்தைக் கணக்கிட்டு எடுக்கும் முறை ஒன்று உண்டு. மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருளில் நான் ஊர் ஊராக நடுகல்களை எடுத்து வருகிறேன். உங்கள் கணினியில் முழுமையாக ஓடாது, என்விடியா அட்டை வேண்டும். படங்களை அனுப்புங்கள், நான் ஓட்டித் தருகிறேன்.

ஆனால் வீடு முழுவதற்கும் இதை நம்ப வேண்டாம். இந்த முறைக்குப் பிடிமானமே புள்ளி, கீறல், கறை. வெள்ளையடித்த சுவரில் அவை இருக்காது, சுவர் குழியும் மேடுமாக வரும். தண்ணீரும் கண்ணாடியும் பளபளக்கும் பித்தளையும் சுத்தமாக வராது. ஆனால் ஆட்டுக்கல், அம்மி, தூணின் அடிக்கல், தலைவாசல் நிலையில் இருக்கும் செதுக்கல், கிணற்றின் கல்வரிசை ஆகியவை அற்புதமாக வரும். கையால் செய்து மாளாதவையும் அவைதான்.

மேகமூட்டமான நாளில் போங்கள். வெயிலில் எடுத்தால் நிழலும் கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். பொருளைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் முக்கால் பாகத்தை மறுபடி காட்டுகிற மாதிரி எடுங்கள். ஆட்டுக்கல்லுக்கு அறுபது படம் என்றால் அஞ்ச வேண்டாம். பக்கத்தில் ஒரு அடிஸ்கேலை வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அளவு தெரியாது. வரும் உருவத்தில் பல லட்சம் முக்கோணம் இருக்கும். அதை ஆயிரமாகக் குறைத்து, நுணுக்கத்தை மட்டும் படமாகப் பதிப்பதைச் சூலூர் அம்மணி சொல்லித் தருவார்.

சமையல் கட்டில் கண்ணாடி ஓடு இருக்கிறதா? இருந்தால் அதிலிருந்து விழும் வெளிச்சத்தைத் தனியாக, மணி குறித்துக்கொண்டு எடுங்கள்.

ஈரோடு வரைபடம்

நான் திறந்தது 2017இல். வலது பொத்தான்தான். அம்மணி சொன்னது சரி, மறுபடி இறக்கிப் பார்க்கிறேன். ஆனாலும் சுவர் எழுப்பும் பந்தயம் வைத்தால் ஸ்கெட்ச்அப்தான் ஜெயிக்கும்.

பேட்டர்ன் மாஸ்டர், திருப்பூர்

ஏழு ஞாயிறு கழித்து எழுதுகிறேன். கண்ணாடி ஓடு இருக்கிறது. காலை பத்தே காலுக்கு அதன் வெளிச்சம் அடுப்புத் திட்டில் விழுகிறது, பதினோரு மணிக்கு உரலுக்கு நகர்ந்துவிடுகிறது. பத்தே காலைத்தான் சுட்டெடுத்தேன். ஆத்தா சாணி மெழுகி முடித்து உட்காரும் நேரம் அது.

எனக்குக் கடினமாக இருக்கும் என்று எல்லோரும் பயமுறுத்திய இடம் ஒன்று உண்டு. உருவத்தைப் பிரித்துத் தட்டையாக விரித்து அதன் மேல் படம் ஒட்டுவது. யூவி விரிப்பு என்கிறார்கள். பாடம் நடத்தியவர், "இங்கே கத்தரித்தால் எப்படி விரியும் என்று மனத்தில் பார்க்கப் பழக மாதங்கள் ஆகும்" என்றார். விளிம்பைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலைத் திறந்தேன். "மார்க் சீம்" என்று இருந்தது. தையல் போடு என்கிறான்! சிரித்துவிட்டேன். தூணை எங்கே பிரிக்க வேண்டும், தையல் கண்ணுக்குத் தெரியாமல் எந்தப் பக்கம் தள்ள வேண்டும், மிச்சத் துண்டுகளைக் காலியிடம் விடாமல் எப்படி அடுக்க வேண்டும் என்பதெல்லாம் நான் தினமும் மார்க்கர் போடுகிற வேலை. சன்னல், கதவு, ஊஞ்சல் எல்லாம் ஒரே ராத்திரியில் விரித்துவிட்டேன். மகன் வாயடைத்து நின்றான்.

அதிலும் ஒரு அடி விழுந்தது. முதலில் செய்த தூணில் மரத்தின் வரி படுக்கையாக ஓடியது. துணியில் நூல் போகும் திசை பார்க்காமல் கைத்துண்டை வெட்டிய கதை. என் கீழே வேலை பழகும் பையன் இதைச் செய்திருந்தால் திட்டியிருப்பேன்.

கணக்கு: 1,38,000 முக்கோணம். படங்கள் எட்டு. சுருக்கி வெளியே எடுத்த கோப்பு 14 எம்.பி. ஆட்டுக்கல்லும் கிணற்றுக் கல்வரிசையும் நொய்யல் கரை அண்ணன் எடுத்துக் கொடுத்தவை. கொறங்காடு சரியாக வரவில்லை. கொழுக்கட்டைப் புல்லைப் பட்டைப் பட்டையாக நட்டேன், பக்கத்தில் போனால் அட்டையில் வெட்டிய புல் மாதிரி இருக்கிறது. கிணற்றுமேட்டுக்கு அப்பால் நடக்க முடியாமல் தடுத்துவிட்டேன். தூரத்தில் இரண்டு வேலாமரம் மட்டும் நிற்கிறது.

கல்லூரிக் கண்ணாடியில் ஒரு நாள் போட்டுப் பார்த்தோம். எனக்கு ஐந்து நிமிடத்தில் தலை சுற்றியது. நொடிக்கு 90 தடவை படம் மாற வேண்டுமாம், ஒரு படத்துக்குப் பதினொரு மில்லிநொடிதான் அவகாசம் என்று மகன் சொன்னான். தொட்டியில் நிற்கும்போது அது தடுமாறுகிறது. கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டேன். பையர் கைபேசிதானே.

போன ஞாயிறு அத்தை வீட்டுக்குப் போனேன். இணைப்பைத் திறந்து கையில் கொடுத்தேன். விரலால் தடவித் தடவித் திண்ணையில் ஏறினார், ஆசாரத்துக்குள் போனார், தொட்டிக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பும்போது கேட்டார்: "இந்தக் கம்பிக் கதவை யார் போட்டது?"

"அப்பா, 1986இல்."

"குலுக்கை எங்கே? தெற்குச் சுவரோரம் இரண்டு குலுக்கை நின்றதே. ஒன்றில் கம்பு, ஒன்றில் ராகி. சமையல் கட்டு இந்தப் பக்கமே இல்லை. கிணற்றில் ஏன் மோட்டார் கொட்டகை இருக்கிறது? மாடு பூட்டி இறைக்கும் கவலை எங்கே?"

பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினார். "இது உன் வீடு, சாமி. நன்றாகத்தான் இருக்கிறது. என் வீட்டைக் காட்டு."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்பது மாதிரிதான் கேட்டார். பிறகு ஒரு மணி நேரம் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், நோட்டில் பதினோரு பக்கம். அவர் கல்யாணமாகிப் போகும் முன் இருந்த வீடு அது. நான் பிறக்கவே இல்லை.

இப்போது என் கேள்வி இரண்டு. ஒரே கோப்புக்குள் இரண்டு காலத்து வீட்டையும் வைக்க முடியுமா? இரண்டாவது, கவலை இறைத்து நான் பார்த்ததில்லை. மாடுகள் சரிவில் இறங்கினால் தண்ணீர் மொள்ளும் சால் மேலே வரும் என்பது மட்டும் தெரியும். கிணற்றில் வடம் தேய்ந்த கல் அப்படியே இருக்கிறது, சரிவும் பாதி தூர்ந்து கிடக்கிறது, இரண்டையும் அளந்துவிட்டேன். சால் எங்கேயும் கிடைக்கவில்லை. யார் வீட்டிலாவது கிடந்தால் வாயகலமும் ஆழமும் வேண்டும்.

சூலூர்க்காரி

முடியும். பிளெண்டரில் "கலெக்ஷன்" என்று பெட்டிகள் உண்டு. மூன்று பெட்டி போடுங்கள்: எப்போதும் இருந்தவை, அத்தை காலத்தவை, உங்கள் காலத்தவை. முதல் பெட்டியோடு ஏதாவது ஒன்றை மட்டும் சேர்த்துத் தனித்தனியாக இரண்டு ஜிஎல்பி (ஜிஎல்டிஎஃப்பை ஒரே கோப்பாகக் கட்டியது) கோப்பு எடுங்கள். வெளிச்சத்தை அத்தை வீட்டுக்கு மறுபடி சுட வேண்டும். சமையல் கட்டு இல்லாதபோது தொட்டியில் வெயில் வேறு மாதிரி விழும். எந்த மணி என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

கணபதி லேத்

எங்கள் பட்டறை பரண் மேல் அப்பச்சி காலத்து இரும்புச் சால் ஒன்று கிடக்கிறது. அடியில் கட்டும் தோல் மக்கிப்போய்விட்டது, இரும்பு கெட்டியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கி அளந்து வரைந்து அனுப்புகிறேன். வாயைச் சுற்றி ஆணிகள் இருக்கின்றன. அவற்றை வரைய மாட்டேன்.